பத்து மணிக்குப் போக வேண்டிய மெயில்

"மாப்பிள்ளை, வீட்டுல எந்த முடிவு எடுக்கறதா இருந்தாலும், எடுக்கறதுக்கு முன்னாடி…"

என் கல்யாணத்தன்று மாமனார் மேடையேறிப் பேசியதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியை மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. மீதி என் காதிலேயே விழவில்லை. சரியாக அந்த இடத்தில் மைக் செத்துவிட்டது. அவர் பாட்டுக்குத் தொடர்ந்து பேசினார். வாய் அசைந்தது, விரல் உயர்ந்தது, முன்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்தில் மணப்பெண்ணும் குனிந்து சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

அப்புறம் அவரிடம் கேட்க வெட்கம். இப்போது கேட்க அவர் இல்லை. விட்டுப்போன இடத்தை நானே பலவிதமாக நிரப்பிக்கொண்டேன். 'நல்லா யோசிங்க' என்று இருக்கலாம். 'நாலு பேரைக் கேளுங்க' என்று இருக்கலாம். 'முதல்ல சாப்பிட்டுடுங்க' என்றும் இருக்கலாம். மூன்றாவதை மட்டும் நான் இன்றுவரை தவறாமல் கடைப்பிடித்து வருகிறேன்.

போன மாதம் ஒரு பெரிய முடிவு எடுத்தேன். சாப்பிட்டுவிட்டுத்தான் எடுத்தேன்.

திரும்பிப் போவது என்று முடிவு.

எங்கே என்றால், கடல் தாண்டிப் பல வருடங்கள் நானும் மனைவியும் குப்பை கொட்டிய ஊருக்கு. இரண்டு வருடம் முன்புதான் அங்கிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தோம். வரவேண்டும் என்பது அவளுடைய ஆசை. எனக்கும் அதே ஆசைதான் என்று அப்போது சொன்னேன். அவள் சொன்ன வேகத்தில் எனக்கே அது என் ஆசை மாதிரிதான் கேட்டது.

அங்கே ஒரு லிஃப்ட் கம்பெனியில் வேலை எனக்கு. லிஃப்ட் செய்யும் வேலை இல்லை. லிஃப்டோடு வரும் கையேட்டை எழுதும் வேலை. இரண்டு மொழியில். 'லிஃப்டுக்குள் சிக்கிக்கொண்டால் பதற்றப்பட வேண்டாம். அழைப்புப் பொத்தானை அழுத்திவிட்டு அமைதியாகக் காத்திருக்கவும்' என்று நீங்கள் எங்காவது படித்திருந்தால், அது அடியேன் அருளியது. அத்தனை வருடம் உழைத்தும் அந்த லிஃப்ட் கம்பெனி என்னை ஒரு மாடிகூட ஏற்றவில்லை. ஆனால் ஓர் அறை கொடுத்தார்கள். அறைக்குக் கதவு. கதவில் பித்தளைப் போர்டு. போர்டில் என் பெயர்.

இங்கே வந்த பிறகும் அதே மாதிரி வேலைதான், வீட்டிலிருந்தபடி, பல கம்பெனிகளுக்கு. அறைதான் இல்லை. மனைவி காது பரிசோதிப்பவள். வந்த கையோடு எங்கள் முன்னறையில் பரிசோதனைக் கூடம் திறந்துவிட்டாள். அறை நடுவே ஒரு கூண்டு. நாலு பக்கமும் தடித் தடியாகப் பஞ்சு மெத்தை, ஒரே ஒரு இரட்டைக் கண்ணாடி ஜன்னல், அலமாரி கனத்துக்கு ஒரு கதவு. உள்ளே உட்கார்ந்தால் உலகம் அழிந்தாலும் கேட்காது. நோயாளி உள்ளே, அவள் வெளியே. காது மெஷின் மாட்டிக்கொண்டவர்கள் வாழ்த்திக்கொண்டே போவார்கள். ஒரு தையல்காரம்மா மட்டும், தன் தையல் மெஷின் இத்தனை இரைச்சல் போடுமென்று இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே என்று திட்டிக்கொண்டே போனார்.

அவளுக்கு முன்னறை. எனக்குச் சாப்பாட்டு மேஜை. மூன்று வேளையும் லேப்டாப்பைத் தூக்கி ஃபிரிட்ஜின் தலையில் வைத்துவிட்டுத் தட்டைப் போட வேண்டும். என்னுடையதைப்போல் நாளுக்கு மூன்று முறை இடித்துக் கட்டப்படும் ஆபீஸ் உலகத்தில் வேறு இருக்காது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தெருவில் பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "எப்ப திரும்பிப் போறீங்க?" முதல் வருடம் சிரித்தேன். இரண்டாம் வருடம் நானே என்னைக் கேட்க ஆரம்பித்தேன். ஊர் திரும்பியவனுக்கு இதுதான் சிக்கல். வந்துவிட்டான் என்று யாரும் நம்புவதில்லை, அவன் உட்பட.

அந்த நேரம் பார்த்துப் பழைய மேலதிகாரியிடமிருந்து மெயில். 'உங்கள் அறை காலியாகத்தான் இருக்கிறது. போர்டைக்கூட எடுக்கவில்லை. வருவதானால் வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள்.'

போர்டு இருந்த வரியை மட்டும் நாலு தடவை படித்தேன்.

முடிவு எடுப்பது சுலபம். அதை மனைவியிடம் சொல்ல வேண்டுமே. இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே இருந்தபோது எனக்கு ராத்திரி வேலை, அவளுக்குப் பகல் வேலை. நான் வரும்போது அவள் கிளம்புவாள். அதனால் வீட்டின் பெரிய விஷயங்களை எல்லாம் மெயிலில் எழுதிக்கொள்வோம். மெயிலில் வந்த விஷயத்தைப் பதில் மெயில் வரும்வரை வாயால் பேசக் கூடாது. நேரில் ஆரம்பித்தால் இருக்கிற அரைமணியும் சண்டையில் போய்விடும் என்று அவளே போட்ட சட்டம் அது. ஊர் மாறியும் சட்டம் மாறவில்லை.

அவள் போட்ட சட்டத்திலேயே ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்தேன்.

அவள் நாக்கு கத்தி. விரல்களோ பஞ்சு. பேச்சில் என்னைப் பொடிப்பொடியாக நறுக்குபவள், எழுத்தில் 'அன்புள்ள' என்றுதான் ஆரம்பிப்பாள். ஆகவே மெயில் போக வேண்டும். போகும்போது நான் வீட்டில் இருக்கக் கூடாது. முகம் பார்க்காமலே விஷயம் முடிந்துவிடும்.

மெயிலில் ஒரு பட்டன் இருக்கிறதே, இப்போது எழுதி வைத்தால் பிறகு தானே போகும்படி நேரம் குறிப்பது! வியாழனன்று காலை பக்கத்து ஊர் லிஃப்ட் தொழிற்சாலைக்கு நான் போக வேண்டியிருந்தது. பத்து மணிக்குப் பஸ் பாதி வழியில் இருக்கும். மனைவிக்குப் போக வேண்டிய மெயிலுக்குப் பத்து மணி. கம்பெனிக்கு 'வருகிறேன்' என்று போக வேண்டிய மெயிலுக்கு அன்று மாலை. 'உன்னிடம்தான் முதலில் சொன்னேன்' என்று பின்னால் சத்தியம் செய்யலாம் பாருங்கள். கல்யாண நாள் உட்பட என் வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் மற்றவர்கள்தான் நேரம் குறித்தார்கள். நானாகக் குறித்த முதல் நேரம் இது.

புதன் இரவுச் சாப்பாட்டின்போது பரம சாதுவாக இருந்தேன். அவள் ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். மேல்மாடி, கடை, ஒண்ணாம் தேதி என்று வார்த்தைகள் துண்டு துண்டாக விழுந்தன. நான் மனதுக்குள் மெயிலின் இரண்டாவது பத்தியைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, கேக்குதா?"

"ம்."

"அப்ப சரிதானே?"

"ம்."

"அப்புறம் தெரியாதுன்னு சொல்லக் கூடாது."

"ம்."

இடம் பார்த்துத்தான் போட்டேன். ஒரு 'ம்'கூட வீணாகவில்லை.

சாப்பிட்டதும் வழக்கம்போல மொட்டை மாடிக்குப் போனேன். மேல்மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் அங்கே உலாத்திக்கொண்டிருந்தார். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. ஆகவே இந்த ஊரில் என் ஒரே நண்பர். மனதில் இருப்பதை எல்லாம் அவரிடம் கொட்டுவேன். நான் உயிரைக் கொடுத்துப் புலம்பினால், "ஆமா தம்பி, மழை வரும்போலத்தான் இருக்கு" என்பார். அதில் ஒரு நிம்மதி.

"சார், நாளைக்குப் பத்து மணிக்கு ஒரு மெயில் போகுது!" பழக்கத்தில் கத்தித்தான் சொன்னேன். "நான் பஸ்ல இருப்பேன். இவ இங்க படிப்பா. திரும்பிப் போறதா முடிவு பண்ணிட்டேன். எனக்கு இங்க உட்கார ஒரு இடம்கூட இல்ல சார்!"

"ஓஹோ" என்றார்.

"நேர்ல சொல்லப் பயமா இருக்கு சார்!"

"அடடா" என்றார்.

மழையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாததை நான் கவனித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை. பஸ் நிலையத்தில் ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். போன் அடித்தது. தொழிற்சாலைக்காரர்.

"சார், இன்னைக்கு வேண்டாம். அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

"ஏன் சார்? நான் பஸ்ஸே ஏறிட்டேன்!"

"இறங்கிடுங்க சார்" என்று அவர் வைத்துவிட்டார்.

படியில் இருந்த காலையும் இறக்கினேன். பஸ் நிலையத்திலேயே பொழுதைப் போக்கலாம் என்றால், இங்கே பாதிப் பேர் அவளிடம் காது காட்டியவர்கள்; பத்தே நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். மெயிலை நிறுத்தி அடுத்த வாரத்துக்குத் தள்ளி, கம்பெனியிடமும் ஒரு வாரம் தவணை கேட்டாக வேண்டும். போனில் செய்யலாம் என்றால், போனில் மெயில் இருந்தால் சாப்பிடும்போதும் வேலை ஞாபகம் வருகிறது என்று அதை நானே எடுத்துவிட்டிருந்தேன். லேப்டாப்போ வீட்டில், ஃபிரிட்ஜின் தலையில். ஓடினேன். நாற்பத்தெட்டு வயதில் ஓடுவது எப்படி என்று ஒரு கையேடு எழுதினால் அதில் முதல் எச்சரிக்கை 'வேண்டாம்' என்பதுதான்.

வாசலில் மனைவி, வெள்ளைக் கோட்டோடு.

"வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. வாங்க, கூண்டுல உக்காருங்க."

"எதுக்கு?"

"காது பாக்கத்தான். பத்து மணிக்கு வரவேண்டியவர் லேட்டாதான் வருவாராம். எத்தனை நாளாச் சொல்றேன். நேத்துக்கூட ம்-னு சொன்னீங்களே?"

"ரெண்டே நிமிஷம்! லேப்டாப்ல ஒரு சின்ன வேலை…"

"காதைவிடவா?"

"அவசரம்மா…"

"அவசரம்னா உங்க முகம் இப்படியா இருக்கும்? இது மாட்டிக்கிட்ட முகமால்ல இருக்கு?"

மறுத்தால் சந்தேகம் வரும். உட்கார்ந்தேன். தலையில் ஹெட்போன், வாய்க்கு எதிரே ஒரு மைக், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கதவு சாத்திக்கொண்டது. உலகம் அணைந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள். அவள் முன்னால் கணினி. அதற்குப் பின்னால் சுவரில் கடிகாரம். காதில் மெல்லிய 'கீ' சத்தம் வந்தது, அழுத்தினேன். சத்தமே வராதபோதும் அழுத்தினேன். என் கையேட்டு வாசகம் நினைவுக்கு வந்தது. பதற்றப்பட வேண்டாம். பொத்தானை அழுத்திவிட்டு அமைதியாகக் காத்திருக்கவும். இதை எழுதியவன் ஒருநாள்கூட உள்ளே சிக்கியதில்லை என்று இப்போது தெரிந்தது.

கடிகாரத்தில் பத்து.

கணினித் திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் லேசாக மாறியது. அவள் திரும்பினாள். படித்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. மூடிய லிஃப்ட் கதவு மாதிரி இருந்தது. மேலே போகிறதா கீழே போகிறதா என்று தெரியவில்லை.

ஒரே ஒரு ஆறுதல் சட்டம்தான். மெயிலில் வந்ததை வாயால் பேசக் கூடாது.

அவள் மைக்கை இழுத்துக்கொண்டாள். ஹெட்போனில் குரல், என் மண்டைக்குள்ளேயே பேசுவது மாதிரி.

"அடுத்தது சொல் சோதனை. நான் சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லணும். சொந்தமா எதுவும் சேர்க்கக் கூடாது."

"சொந்தமா எதுவும் சேர்க்கக் கூடாது."

"இன்னும் ஆரம்பிக்கலை!"

"இன்னும் ஆரம்… சரி சரி."

"படகு."

"படகு."

"விளக்கு."

"விளக்கு."

"மேஜை."

"மேஜை."

"சாப்பாட்டு மேஜையில உக்காந்து வேலை செய்யறது எனக்கு அவமானமா இருக்கு."

தூக்கிவாரிப் போட்டது. என் மெயிலின் இரண்டாவது பத்தி!

"ஏய், ரூல்!" என்று கண்ணாடியைத் தட்டினேன். "மெயில்ல வந்ததைப் பேசக் கூடாது!"

"நான் எங்க பேசறேன்? டெஸ்ட் பண்றேன். திருப்பிச் சொல்லுங்க, இல்லாட்டி காது அவுட்டுன்னு எழுதிடுவேன்."

சொன்னேன். அவமானம் என்ற இடத்தை மட்டும் வேகமாகக் கடந்தேன்.

"இதை நான் அவகிட்ட வாயைத் திறந்து ஒரு தடவைகூடச் சொன்னதில்லை."

"இதை நான்… ஒரு தடவைகூடச் சொன்னதில்லை."

"பக்கத்துத் தெருவுல அவ ஒரு கடை பிடிச்சிருக்கா."

"பக்கத்துத் தெருவுல அவ… என்னது?"

"சேர்க்கக் கூடாது."

"…கடை பிடிச்சிருக்கா."

"ஒண்ணாம் தேதி இந்தக் கூண்டு அங்க போயிடும்."

"ஒண்ணாம் தேதி இந்தக் கூண்டு அங்க போயிடும்."

"முன்னறை எனக்கு."

"முன்னறை எனக்கா?"

"கேள்வி கிடையாது."

"முன்னறை எனக்கு" என்றேன்.

"இதை அவ என்கிட்ட மூணு தடவை சொன்னா."

"இதை அவ என்கிட்ட மூணு தடவை சொன்னா."

"மூணு தடவையும் நான் 'ம்'-னு சொன்னேன்."

"ம்" என்றேன்.

"முழுசா!"

முழுதாகச் சொன்னேன். அவள் ஏதோ குறித்துக்கொண்டாள். பேனாவை வைத்துவிட்டு மைக்கை இன்னும் பக்கத்தில் இழுத்தாள். அடுத்து வந்த குரல் வேறு.

"அங்க இருந்தப்ப ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு மெயில்லயே குடும்பம் நடத்தினோம்."

"அங்க இருந்தப்ப… மெயில்லயே குடும்பம் நடத்தினோம்."

"மறுபடியும் அதுக்கு அவளுக்கு இஷ்டமான்னு நான் கேக்கவே இல்லை."

"மறுபடியும் அதுக்கு" என்று ஆரம்பித்தேன். மீதி ரொம்ப மெதுவாகத்தான் வந்தது. இந்தத் தடவை அவள் 'முழுசா' என்று அதட்டவில்லை.

"உங்களுக்கு நெஜமாவே போகணும்னு தோணுதா?"

"உங்களுக்கு நெஜமாவே போகணும்னு தோணுதா?"

"இது டெஸ்ட் இல்லீங்க. கேள்வி."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எத்தனை வருடமாகப் பார்த்த முகம். ஆனால் அவள் பேசும்போது வேறெதுவும் காதில் விழாத ஓர் இடத்தில் நான் உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை. காது கொடுத்துக் கேட்டால் அவள் நாக்கு ஒன்றும் அவ்வளவு கத்தி இல்லை.

"சாயந்திரத்துக்குள்ள சொல்றேன்" என்றேன். "வாயால."

கதவு திறந்தது. தெருவின் சத்தம் எல்லாம் ஒரே பாய்ச்சலாக உள்ளே வந்தது.

"ரெண்டு காதும் கணீர்னு இருக்கு" என்றாள். "ஒரு குறையும் இல்லை."

"அப்பாடா. நல்ல செய்தி."

"யாருக்கு? இனிமே காதுல விழலைன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. இந்தாங்க, இதுல எழுத்துப் பிழை இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

கூண்டுக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தேன். பித்தளைப் போர்டு. என் பெயர், இரண்டு மொழியிலும். அடியில் பொடி எழுத்தில்: 'சாப்பாட்டு நேரத்தில் அறை மூடப்படும்.'

பிழை எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் அப்போது என் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

வாசலில் யாரோ கனைத்தார்கள். போஸ்ட்மாஸ்டர்.

"டாக்டரம்மா, வரலாமா? நீங்க சொன்ன மாதிரியே லேட்டா வந்துட்டேன்."

"வாங்க சார், முடிஞ்சுது" என்றாள் இவள், சத்தத்தைக் கூட்டாமலே.

"என்ன தம்பி, மெயில் பத்து மணிக்கே போயிடுச்சா?" என்றார் அவர். காதோரத்தில் கடுகளவு ஏதோ மின்னியது.

"சார்! உங்களுக்குக் காது கேக்குதா?"

"போன வாரத்துலேருந்து. அம்மா புண்ணியம். உங்ககிட்ட அவங்க சொல்லலையா?"

"சொன்னேன்" என்றாள் மனைவி. "ம்-னார்."

"நீங்க போய் இவகிட்ட சொல்லலாமா சார்? சர்வீஸ் முழுக்க அடுத்தவங்க தபாலைப் பிரிச்சதில்லைன்னு பெருமையாச் சொல்வீங்களே?"

"கவர்ல வந்தா பிரிக்க மாட்டேன் தம்பி. நீங்க போஸ்ட்கார்டு மாதிரி மொட்டை மாடியில நின்னு கத்தினா நான் என்ன பண்றது?"

"அப்ப தொழிற்சாலைக்காரர்…"

"நான்தான் போன் பண்ணினேன்" என்றாள். "வீட்டுல ஒரு டெஸ்ட் இருக்கு, அடுத்த வாரம் வருவார்னு சொன்னேன். பொய்யா சொன்னேன்?"

போஸ்ட்மாஸ்டர் கூண்டுக்குள் போனார். நான் போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்குப் போனேன். லேப்டாப்பை இறக்கித் திறந்தேன். என் மெயில் சொன்னபடி பத்து மணிக்குப் போயிருந்தது. அவளுடைய பதில் மெயிலும் வந்திருந்தது. வந்த நேரத்தைப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

பத்துக்கு ஒரு நிமிடம் முன்பு.

முன்னறையிலிருந்து குரல் வந்தது: "நேரம் குறிக்கற பட்டன் உங்களுக்கு மட்டும்தான் குடுத்திருக்காங்கன்னு நெனச்சீங்களா?"

மெயிலைத் திறந்தேன்.

'அன்புள்ளவருக்கு, உங்கள் மெயில் இன்னும் ஒரு நிமிடத்தில் வரும். சட்டப்படி பதில் போட்டுவிட்டேன், இனி வாயால் பேசலாம். கல்யாணத்தன்று மைக் போன பிறகு அப்பா என்ன சொன்னார் என்று நீங்கள் கேட்டதே இல்லை. "முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி, அவ ஏற்கெனவே என்ன முடிவு எடுத்திருக்கான்னு கேட்டுக்குங்க மாப்பிள்ளை." இதுதான்.'

மாலையில் போகக் காத்திருந்த மெயிலை அழித்தேன். முன்னறைக்குப் போய், "போகலை" என்று வாயால் சொன்னேன். திரும்பி வந்து அதையே கம்பெனிக்கு எழுதி, நேரம் குறிக்காமல் அனுப்பினேன்.